மேற்பாடிக்கு இன்னொரு நாள்

காட்பாடி ஜங்ஷனில் இறங்கினால் குடியாத்தம் பஸ்ஸைத் தேடுவதுதான் வழக்கம். ஐயாவின் வீடு அங்கேதான். இந்த முறை திருவலம் வழியாக மேற்பாடிக்குப் போனேன்.

ஐயா என் பள்ளித் தமிழாசிரியர். எட்டு வயதில் அப்பாவை இழந்தவனுக்குப் பள்ளிக்கட்டணம் கட்டியவரும், "சாப்பிட்டாயா தம்பி" என்று தினமும் கேட்டவரும், கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. போன ஆடியில் இறந்தார். கொள்ளி வைக்க மகன் இருந்தார். நான் கூட்டத்தோடு நின்றேன். எள்ளும் தண்ணீரும் இறைக்க எனக்கு உரிமை இல்லை. அது முறைதான், யார் மீதும் எனக்குக் குறையில்லை. ஆனாலும் அவருக்காக அழ எனக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் வள்ளிமலைக்கு அழைத்துப் போனார். பாறையில் செதுக்கிய சமணத் திருமேனிகளையும் கங்க மன்னன் ராஜமல்லனின் கல்வெட்டையும் பார்த்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பக்கத்திலேயே இருந்த மேற்பாடியை விட்டுவிட்டுத் திரும்பினோம். "இன்னொரு நாள் வரலாம் தம்பி" என்றார். அந்த நாள் வாய்க்கவே இல்லை.

மேற்பாடி பொன்னையாற்றங்கரை ஊர். முதலாம் ராஜராஜன் (985–1014) தன் பாட்டனார் அரிஞ்சயனுக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் (இறந்த அரசரின் நினைவாக எழுப்புவது), அரிஞ்சிகை ஈஸ்வரம், இங்கே இருக்கிறது. தஞ்சையில் விண்முட்ட எழுப்பியவன் பாட்டனுக்கு இவ்வளவு சிறிதாகவா எடுத்தான் என்று முதலில் தோன்றியது. கிட்டே போய் நின்றதும், ஒருவரைத் தனியாக நினைத்திருக்க இந்த அளவுதான் சரி என்று பட்டது.

ராஜராஜன் சொந்தப் பேரன். எனக்கு ஐயாவிடமிருந்து வந்தது ஒரு சவரக் கண்ணாடி. உள்ளங்கை அகலம்; பின்புறச் சிவப்பு வண்ணம் உரிந்து, கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். காரியம் முடிந்ததும் அம்மா அதைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். (ஐயாவின் மனைவியை நான் அப்படித்தான் அழைப்பேன்.) வெயிலை அதில் வாங்கிக் கல்லின் மீது பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் சொரசொரப்பாக மட்டும் தெரிகிற கல்லில், சாய்வு வெளிச்சம் பட்டதும் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். "மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது, நீதான் வைத்துப் படிக்க வேண்டும்" என்பார்.

ஆற்றூர் என்ற ஊரில் இறந்த அரிஞ்சயனை 'ஆற்றூர்த் துஞ்சின' என்கிறது கல்வெட்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில், ஐயாவின் பிரதியில், அந்த வரிக்குக் கீழே பென்சில் கோடு இருக்கும். துஞ்சுதல் என்றால் உறங்குதல். 'இறந்தார்' என்ற சொல்லை அவரைப் பற்றி இந்த ஓராண்டில் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அந்தக் கல்லின் முன் குடியாத்தத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்தேன். குடியாத்தம் துஞ்சின ஐயா. அதற்குமேல் கண்ணாடியைப் பிடித்திருக்க முடியவில்லை. கல்லோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

பிறகு எழுந்து, வெயில் இறங்குவதற்குள் முடிந்தவரை வாய்விட்டுப் படித்து நோட்டில் எழுதினேன். அவர் முன்னால் படிக்கும்போது நிறுத்துவதுபோல ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் நிறுத்தினேன். இரண்டு இடங்களில் எழுத்து தேய்ந்திருந்தது. ஊகித்து எழுதினால் ஐயாவுக்குப் பிடிக்காது. அங்கே மட்டும் அவர் செய்வதுபோலப் புள்ளிக் கோடு போட்டு விட்டிருக்கிறேன்.