சத்தமில்லாத பிலிம்

இப் மேன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புரூஸ் லீயின் வாத்தியார், அப்புறம் பறந்து பறந்து அடிக்கிற சினிமாக்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு: 1972-இல், சாவதற்குச் சில வாரங்கள் முன்பு, புற்றுநோயோடு, ஹாங்காங் வீட்டில் அவர் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் அசைவுகளைச் செய்துகாட்ட, அதைப் பிலிமில் பிடித்து வைத்தார்கள். சத்தம் கிடையாது. ஆள் மெலிந்து போயிருக்கிறார். ஆனால் பயிற்சிக்கான மரப் பொம்மையின் கைகளுக்குள் மணிக்கட்டு நுழைந்து திரும்பும்போது துளி அவசரம் இல்லை. விங் சுன்னில் ஆயுதமில்லாமல் வெறுங்கையால் செய்யும் பாடங்கள் மூன்று; அவற்றில் பியூ ஜீ என்பது மட்டும் பிலிமில் இல்லை. மற்ற இரண்டில் சீடர்களுக்குள் சண்டை வந்தால் பிலிமைப் போட்டுப் பார்க்கலாம், இதற்கு என்ன செய்வது?

சரி, எங்கள் சிலம்ப ஆசான் போனபோது என்னிடம் இருந்தது ஒரு கல்யாண வீடியோவில் பத்து விநாடி. அதிலும் பாதி நேரம் யாரோ குறுக்கே நிற்கிறார்.