எம்எஃப்எம் படத்தில் தெரிவது காந்தம்தானா?

காந்த விசை நுண்ணோக்கியில், அதாவது எம்எஃப்எம்மில், படம் எடுப்பது பெரிய வேலையில்லை. வந்த கறுப்பு வெள்ளைக் கோடுகள் காந்தத்தால் வந்தவைதான் என்று நிரூபிப்பதில்தான் நாள் போகும்.

இயந்திரம் சாதாரண ஏஎஃப்எம்தான், அதாவது நுண்ணிய ஊசியால் பரப்பின் மேடு பள்ளத்தை அளக்கும் அணு விசை நுண்ணோக்கி. டிப், அதாவது அந்த ஊசி, மட்டும் வேறு: 225 மைக்ரோமீட்டர் நீள கேன்டிலீவர் (டிப்பைத் தாங்கி அதிரும் மெல்லிய பட்டை), 75 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வு, மீட்டருக்கு 3 நியூட்டன் விறைப்பு, மேலே சில பத்து நானோமீட்டர் கோபால்ட்-குரோமியம் பூச்சு. பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே மாட்டக்கூடாது. வலுவான நிரந்தர காந்தத்தின் முகத்துக்கு நேரே, டிப்பின் கூம்பு அச்சு புலத்தோடு ஒரே கோட்டில் இருக்கும்படி சில விநாடி பிடிக்க வேண்டும். எந்தத் துருவத்தைக் காட்டினோம் என்பதை உடனே நோட்டில் எழுதிவிடுங்கள், கடைசியில் தேவைப்படும். இடுக்கி காந்தமாகாத வகையாக இருக்கட்டும். சாதாரண ஸ்டீல் இடுக்கி, கேன்டிலீவர் ஒட்டியிருக்கும் சிப்பைத் தன் பக்கம் இழுத்தால் கேன்டிலீவர் போச்சு.

சாம்பிளை ஒட்டும் தட்டையும் பாருங்கள். பல ஏஎஃப்எம்களில் ஸ்டீல் வட்டுதான், அடியில் அதைப் பிடிக்க ஒரு காந்தம். மென்காந்தப் படலத்தை (காந்தத் திசை எளிதில் மாறும் வகை) அதன்மேல் வைத்தால் ஸ்கேன் தொடங்கும் முன்பே டொமைன்கள், அதாவது ஒரே திசையில் காந்தமான பகுதிகள், மாறியிருக்கலாம். பித்தளை போன்ற காந்தமாகாத உலோகத் தட்டு நல்லது. படலத்தின் ஓரத்திலிருந்து தட்டுக்குச் சில்வர் பேஸ்டால் ஒரு கோடு இழுத்து, தட்டை எர்த் செய்துவிடுங்கள்.

முதல் ஸ்கேன் எப்போதும் பழைய ஹார்ட் டிஸ்க் தட்டின் துண்டில். அங்கே பிட் வரிசை தெரியவில்லை என்றால் உங்கள் சாம்பிளிலும் எதுவும் தெரியாது. முதலில் டிப்பைச் சந்தேகப்படுங்கள்.

ஒவ்வொரு வரியையும் டிப் இருமுறை கடக்கும். முதல் சுற்றில் மேற்பரப்பின் மேடு பள்ளம் பதிவாகும். இரண்டாம் சுற்றில் அதே தடத்தை லிஃப்ட் உயரம் எவ்வளவு வைத்தோமோ அவ்வளவு மேலே போய், ஃபேஸ் மாற்றத்தை, அதாவது கேன்டிலீவரின் அதிர்வு முன்பின் தள்ளிப்போவதை, பதியும். வான்டர்வால்ஸ் விசை (அணுக்களுக்கிடையேயான குறுந்தூர ஈர்ப்பு) சீக்கிரம் மங்கிவிடும், காந்த விசை இன்னும் தூரம் எட்டும். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் முழு முறையும் நிற்கிறது. காற்றில் கியூ மதிப்பு (ஒத்ததிர்வின் கூர்மை) 200, விசைச் சரிவு (உயரத்தோடு விசை மாறும் அளவு) மீட்டருக்கு 0.0001 நியூட்டன் என்றால் கிடைக்கும் ஃபேஸ் மாற்றம் 0.4 டிகிரிக்கும் குறைவு. திரையின் அளவுகோலை 20 டிகிரியில் வைத்துக்கொண்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்பவர்கள் நிறைய.

லிஃப்ட் உயரத்தை 50 நானோமீட்டரில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். உயரமாக வைப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் நுண்விவரம் வேகமாக மறையும். 100 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்பும் காந்த வடிவத்தில், 30-லிருந்து 60-க்கு ஏற்றினால் புலம் சுமார் 15 சதவீதமாகக் குறைந்துவிடும். ரொம்ப இறக்கினாலோ, இரண்டாம் சுற்றின் அலைவீச்சைக் குறைக்க மறந்தாலோ டிப் பரப்பைத் தட்டும். ஃபேஸ் படத்தில் தூசித் துகள்களும் விளிம்புகளும் கூர்மையாகத் தெரிந்தால் அதுதான் காரணம்.

வேகம் விநாடிக்கு அரை வரி போதும். 256 வரிகளுக்கு, இரண்டு சுற்றும் சேர்த்து, 17 நிமிடம். அதற்குள் படம் வளைந்தால் வெப்ப நகர்வு; மூடியைப் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

பெர்மல்லாய் (நிக்கல்-இரும்புக் கலவை) போன்ற மென்காந்தத்தில் இன்னொரு தொல்லை உண்டு. டிப்பின் புலமே டொமைன் சுவரை, அதாவது இரண்டு டொமைன்களின் எல்லையை, இழுத்துக்கொண்டு போகும். படத்தின் நடுவில் ஒரு வரியில் வடிவம் சட்டென்று துள்ளும். அதே இடத்தைத் திரும்ப எடுத்தால் வேறு படம் வரும். பூச்சு மெலிந்த, குறைந்த காந்தத்திறன் உள்ள டிப்புக்கு மாறுங்கள். சிக்னல் குறையும், வேறு வழியில்லை.

இனி நிரூபணம். டிப்புக்கு ஒரு வோல்ட் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். அதோடு சேர்ந்து மாறும் பகுதி மின்னூட்டத்தால் வந்தது. பிறகு டிப்பைக் கழற்றி, எதிர்த் துருவத்தைக் காட்டி, மறுபடி மாட்டி, அதே இடத்தை எடுங்கள். காந்தமாக இருந்தால் கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். இரண்டு படங்களையும் கழித்தால் காந்தம் மட்டும் மிஞ்சும், கூட்டினால் மற்ற குப்பை. கழற்றி மாட்டியபின் அதே இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் திண்டாட்டம். ஆகவே முதல் ஸ்கேனுக்கு முன்பே ஒரு கீறலுக்குப் பக்கத்தில் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்.