ஒரு முத்தமும் இரு சட்டைகளும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் 1897 முதல் மோதி வருகின்றன. அந்தப் பகையை இஎஸ்பிஎன் தொலைக்காட்சியின் பழைய விளம்பரம் ஒன்றைப்போல இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை. சோபாவில் ஓர் இளஞ்சோடி முத்தமிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒருவர் அணிந்திருப்பது மிச்சிகன் சட்டை, மற்றவர் அணிந்திருப்பது ஒஹாயோ சட்டை. விளையாட்டு என்ற ஒன்று இல்லாவிட்டால் இது அருவருப்பாகத் தோன்றாது என்ற ஒற்றை வரியுடன் விளம்பரம் முடிகிறது. மிச்சிகனுடன் ஆடும் வாரத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கொலம்பஸ் நகர வளாகத்துப் பெயர்ப்பலகைகளில் உள்ள ‘எம்’ எழுத்தின் மேல் சிவப்பு நாடா ஒட்டி மறைப்பவர்களுக்கு அது மிகையாகவே பட்டிருக்காது. 2018இல் தொடங்கிய டாக்டர் பெப்பர் குளிர்பானத்தின் ‘ஃபேன்ஸ்வில்’ விளம்பரத் தொடர் ரசிகர்களுக்கென ஒரு கற்பனை ஊரையே உருவாக்கியும், எந்தத் தரப்பையும் இழிவுபடுத்தாத இந்தக் கூர்மையை எட்டவில்லை என்பதே என் கணிப்பு.