பத்துக் கிலோ ரேஷன் அரிசியும் ரெண்டு பேக்பேக்கும்

தாய்லாந்து போறதா தான் முதல்ல ப்ளான். க்ராபி, கடலுக்கு நடுவுல செங்குத்தா நிக்கிற சுண்ணாம்புக்கல்லு மலை, அதுக்கு அடியில குகை, அதுக்குள்ள படகுன்னு ரெண்டு வருஷமா யூட்யூப்ல பாத்துப் பாத்து அங்க எந்தத் தெருவுல எந்த ஹாஸ்டல்னு கூட எனக்கு மனப்பாடம். 45 லிட்டர் பேக் ரெண்டு வாங்கியாச்சு, பாஸ்போர்ட்டும் வந்துருச்சு, அப்பப் பாத்து மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன். சேத்து வச்ச காசு அம்புட்டும் அங்கிட்டுப் போயிருச்சு. அதுல வருத்தம்லாம் இல்லங்க, மனுசன் இன்னைக்கு கைத்தடி இல்லாம டீக்கடைக்கு நடந்து போறாரு, அது போதும். ஆனா அந்த பேக் ரெண்டும் பீரோ மேல உக்காந்துக்கிட்டு தினம் எங்களையே பாத்துச்சு பாருங்க, அதத்தான் தாங்க முடியல.

ஒரு நாள் ராத்திரி இவரு திடீர்னு, "ஏ புள்ள, குகை இங்க இல்லையா, மலை இல்லையா, கடல் தான் இல்லையா? மூணும் மதுரையச் சுத்தி பஸ் தூரத்துல தான கெடக்கு"ன்னாரு. நான் தூக்கக் கலக்கத்துல சரின்னுட்டேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா ஹால்ல ரெண்டு பேக்கையும் எறக்கி வச்சு அதுக்குள்ள ரேஷன் அரிசிய மூட்டையோட திணிச்சுக்கிட்டு இருக்காரு. பேக்பேக்கிங் போகணும்னா முதல்ல வெயிட் தூக்கிப் பழகணுமாம், எங்கயோ படிச்சிருக்காரு. அவருக்குப் பத்துக் கிலோ, எனக்கு ஆறு. அத்தை வாசல்ல நின்னு பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க, அவங்க ஒண்ணும் சொல்லலேன்னா நெறைய சொல்றாங்கன்னு அர்த்தம்.

ஒத்திகைக்கு சமணர் மலை. பெரியார் பஸ் ஸ்டாண்டுல டவுன் பஸ் ஏறி கீழக்குயில்குடியில எறங்குனா தாமரைக் குளம், ஆலமரம், கருப்பசாமி கோயில், அதுக்குப் பின்னாடி மலை. குளத்தங்கரையில கொய்யாப்பழம் வித்துக்கிட்டு இருந்த பாட்டி எங்க முதுகையே பாத்துட்டு "என்ன தாயி, மேல தங்கப் போறீகளா?"ன்னு கேட்டுச்சு. இவரு ரொம்ப நேர்மையா "இல்ல பாட்டி, அரிசி"ன்னாரு. "மேல யாரு இருக்கா சோறு திங்க?" அதுக்கு எங்ககிட்ட பதில் இல்ல.

பாறையில வெட்டுன படி தான், ஆனா ஆறு கிலோ அரிசியோட ஏறிப் பாருங்க, அப்பத் தெரியும். பேச்சிப்பள்ளத்துக்குப் போறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிருச்சு. அங்க ஒரு சுனை, சுனைக்கு மேல பாறையில வரிசையா எட்டுச் சிற்பம், தீர்த்தங்கரர்கள்னு சமணங்க கும்புடுற பெரியவங்க, சமண முனி பாகுபலி எல்லாம், ஆயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். அதுகளுக்குக் கீழ வட்டெழுத்து, பழைய காலத்துத் தமிழ் எழுத்து. படிக்கத் தெரியாது தான், ஆனா யார் யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு பேரச் சொல்லி "செய்வித்த திருமேனி"ன்னு முடியுமாம். நம்ம ஊர்க் கோயில் டியூப்லைட்டுல உபயம்னு எழுதுறோம்ல, அதே சமாச்சாரம், என்ன, எழுத்து வெளிச்சத்த மறைக்காம கீழ இருக்கு. அந்தப் பக்கம் செட்டிப்புடவுங்கிற குகையில உள்ள பெரிய உருவத்தப் பாத்து, நீளமான காது, நல்லா உக்காந்த ஒடம்பு, இது யாரோ செட்டியாருன்னு ஊர்க்காரங்க நெனச்சு தான் அந்தப் பேரே வந்துச்சுன்னு சொல்றாங்க.

எறங்கும்போது தான் இவரு பேக்குல வலது பக்கப் பட்டை தையல் விட்டுப் போச்சு. வாங்குன கடையில போயிக் கேட்டா "என்ன சார் தூக்குனீங்க?"ங்கிறான். அரிசின்னு சொன்னா வாரன்டி போயிரும், சொல்லலேன்னா பொய். கடைசியில எங்க தெரு முனையில செருப்பு தைக்கிற அண்ணன் நைலான் நூலுல டபுள் தையல் போட்டுக் குடுத்தாரு, 60 ரூவா, அது இன்னைக்கு வரைக்கும் நிக்குது.

அடுத்த ஞாயித்துக்கிழமை அரிட்டாபட்டி, மேலூர் ரோட்டுல போயி உள்ள போகணும். இந்தத் தடவ அரிசிய அவுத்துட்டு நெசமான சாமான், அதாவது டென்ட், ஸ்டவ், சட்டி, இவரோட மூணு ஜீன்ஸ், ஒரு ஹேர் ட்ரையர் (அது நான் தான், ஒத்துக்கிறேன்). கெளம்புறதுக்கு முன்னாடி பழைய பேப்பர் கடைத் தராசுல நிறுத்துப் பாத்தோம், இவரு பேக் 11 கிலோ 400. கடைக்கார அண்ணன் பழக்க தோஷத்துல "கிலோ பன்னெண்டு ரூவா"ன்னுட்டாரு.

அரிட்டாபட்டி 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச ஊரு. ஏழு மலை, அதச் சுத்தி கண்மாய், ஊருணி, சுனை. பெறகு டங்ஸ்டன் சுரங்கம்னு பேச்சு வந்து, மேலூர் பக்கத்து ஜனம் அம்புட்டும் திரண்டு, 2025 ஜனவரியில ரத்தாச்சு, அது எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு வழி காட்டுன தாத்தா அதப் பத்தி ஒரே ஒரு வார்த்தை தான் சொன்னாரு. "தம்பி, இந்த மலைய எடுத்துட்டா எங்க ஆட்டுக்கு எங்கிட்டுப் போயித் தண்ணி காட்டுறது?" எனக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கத் தோணல.

கழிஞ்சமலைக் குகையில தான் நாங்க ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். குகைன்னதும் க்ராபி மாதிரி கூம்பு கூம்பாத் தொங்கும்னு நெனச்சுராதீங்க, இது பாறை விளிம்பு கூரை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு அடியில சமணத் துறவிங்க படுக்கிறதுக்குத் தரையச் செதுக்கிப் படுக்கை போட்டுருக்காங்க. தலைப் பக்கம் லேசா மேடு, தலகாணியாம். இவரு உடனே படுத்துப் பாத்தாரு, பாதம் வெளிய நீட்டிருச்சு. ஆனா என்னை அசத்துனது படுக்கை இல்ல, மேல இருக்கிற காடி. கூரைப் பாறையோட நெத்தியில நீளத்துக்கும் ஒரு வெட்டு, வெரல் வச்சுத் தடவிப் பாக்கலாம். மழை பெஞ்சா பாறை மேல வழியிற தண்ணி அப்படியே உள்பக்கமா ஒட்டிக்கிட்டு வந்து படுக்கை மேல சொட்டாம, அந்த வெட்டுல தட்டி நேரா கீழ விழுந்துரும். இன்னைக்கு நம்ம வீட்டு சன்ஷேடுக்கு அடியில கொத்தனார் போடுறாருல்ல ஒரு கோடு, அதே வேலை! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி. அதுக்குப் பக்கத்துலயே தமிழி, அதாவது தமிழோட ரொம்பப் பழைய எழுத்து, நெல்வேலிக்காரர் ஒருத்தர் இந்தக் குகைய வெட்டிக் குடுத்தாருன்னு. அதுல குகைக்கு முழாகைன்னு ஒரு வார்த்தை வருது, அன்னைக்குப் பூரா அதச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே நடந்தேன்.

கல்லுல படுத்தவங்க கிட்ட என்னத்த சாமான் இருந்திருக்கும். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து ஹேர் ட்ரையர், ரெண்டு ஜீன்ஸ், ஸ்டவ்வு மூணையும் எடுத்து வெளிய வச்சோம். டென்ட்டுக்கு மட்டும் பெரிய சண்டை. காட்டுக்குள்ள நம்ம இஷ்டத்துக்கு டென்ட் போட விட மாட்டாங்கன்னு நான், எதுக்கும் இருக்கட்டும்னு இவரு. இந்த "எதுக்கும் இருக்கட்டும்" இருக்குல்ல, ஒரு கல்யாணத்துல பாதிச் சண்டை இதுல தான்.

பொங்கல் முடிஞ்சு ஆறு நாள் லீவு போட்டு நெசமாவே கெளம்பிட்டோம். ஆரப்பாளையத்துல கொடைக்கானல் பஸ், வத்தலக்குண்டு தாண்டுனதும் மலை, பின்சீட்டுல ஒரு பையன் வாந்தி, வழக்கமான கதை. மறுநாள் காலையில வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி வழியா கும்பக்கரைக்கு எறங்குற பாதை. 2018 மார்ச்ல தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத் தீயில மலையேறப் போன 23 பேரு செத்துப் போனதுல இருந்து மலைப் பக்கம் நெனச்ச மாதிரி நடக்க முடியாது, அனுமதி வேணும், கூட வழி தெரிஞ்ச ஆளு வேணும், கோடையில தீப் பயத்துக்காக மூடிருவாங்க. அது நல்லதுக்குத் தான். எங்க கூட வந்த அண்ணன் அந்த மலைக்காரரு, காலுல ரப்பர் செருப்பு, கையில ஒரு மஞ்சப்பை, அவ்ளோ தான் அவரோட லக்கேஜு. இவரு முதுகுல டென்ட்டோட அவர் பின்னாடி போறதப் பாக்க எனக்கே பாவமா இருந்துச்சு.

ஏறுறது தான் கஷ்டம்னு சொல்றவங்க எறங்கிப் பாத்ததில்ல. வேரு, உருட்டுக்கல்லு, ஒவ்வொரு எட்டுக்கும் பெருவிரலு ஷூவோட முனையில போயி முட்டும், அதுவும் முதுகுல இருக்கிற வெயிட்டு பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டே இருக்கும். வெள்ளகவி வாசல்ல அந்த அண்ணன் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டாரு. ஊருக்குள்ள யாரும் செருப்பு போடுறதில்ல, கோயில் அம்புட்டு இருக்கு, ஊரே கோயில் மாதிரி தான்னாரு. நாங்களும் கழட்டுனோம். அப்பத் தான் பாத்தேன், என் ரெண்டு பெருவிரல் நகமும் கருநீலமாயிருச்சு. ஒரு வீட்டுத் திண்ணையில இருந்த அக்கா பாத்துட்டு "ஆத்தி"ன்னு உள்ள போயி மஞ்சளும் உப்பும் போட்டு வெந்நி கொண்டாந்து வச்சாங்க, கூடவே கடுங்காப்பி, அவங்க தோட்டத்துக் காப்பி. ரோடு கிடையாது, அரிசி பருப்புல இருந்து எல்லாம் குதிரையில வருது, முடியாதவங்கள டோலி கட்டித் தூக்கிட்டுத் தான் எறங்கணும். "நீங்க எதுக்குமா இம்புட்டுப் பொதி சுமந்துக்கிட்டு வர்றீக, காசு குடுக்கிறாகளா?"ன்னு அந்த அக்கா கேட்டதுல கிண்டல் துளி கூட இல்ல. நெசமாவே சந்தேகம்.

இவரு அங்கயே டென்ட்ட அவுத்து அந்த வீட்டுப் பையன்கிட்ட குடுத்துட்டாரு. நான் எதுவும் பேசல, ஜெயிச்ச அன்னைக்குப் பேசக்கூடாது. இப்ப அது காப்பிக்கொட்டை காயப் போடும்போது மழைக்கு மூடுற படுதாவா இருக்கும்னு நெனக்கிறேன்.

கும்பக்கரை அருவியில காலை விட்டு உக்காந்துட்டு, பெரியகுளம் வந்து மதுரை பஸ் பிடிச்சோம். இங்க தான் காமெடி. மறுநாள் காலையில ராமேஸ்வரம் பாசஞ்சர். வீட்டுக்குப் போனா இந்தக் காலோட அத்தை திரும்பக் கெளம்ப விட மாட்டாங்கன்னு, எங்க வீட்டுல இருந்து ஏழு கிலோமீட்டர்ல இருக்கிற மதுரை ஜங்ஷன் வெயிட்டிங் ஹால்ல படுத்துக் கெடந்தோம், சொந்த ஊர்ல. அத்தை போன் பண்ணாங்க. "ஏத்தா, எங்க இருக்கீக?" "பெரியகுளத்துல ரூம் போட்டுருக்கோம் அத்தை"ங்கிறேன், பின்னாடி மைக்குல "மதுரை சந்திப்பு உங்களை அன்புடன்"ன்னு ஆரம்பிக்குது. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சாப்பிட்டுப் படுங்க"ன்னு வச்சுட்டாங்க.

பாம்பன்ல 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலத்துல ரயிலு மெதுவா ஊர்ந்துச்சு, பக்கத்துலயே 1914-ல கட்டுன பழசு துருப்பிடிச்சு நின்னுச்சு. பெட்டியில எல்லாரும் ஒரே பக்கம் செல்போனோட சாஞ்சதுல எனக்கு கடலை விட சனம் தான் தெரிஞ்சுச்சு. ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜுல நாங்க புருஷன் பொண்டாட்டின்னு ப்ரூஃப் கேட்டாங்க, கோயில் ஊர்ல பேக் மாட்டிக்கிட்டு வந்தா சந்தேகமாம். அதுக்குள்ள நாங்க வாசல்ல போட்ட சண்டையப் பாத்துட்டு அந்தப் பையனே சாவியக் குடுத்துட்டான்.

தனுஷ்கோடி போற வழியில தண்ணி தேங்குன எடத்துல பூநாரை கூட்டம், ரோஸ் கலர் சேலைய உதறிக் காயப் போட்ட மாதிரி. 2025-ல அத சரணாலயமா அறிவிச்சிருக்காங்க. முன்னாடியெல்லாம் மணலுக்குள்ள வேன்ல குலுங்கிக்கிட்டுப் போகணும், 2017-ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. ரெண்டு பக்கமும் கடல், ஒண்ணு ஆண்கடலு, ஒண்ணு பெண்கடலு. மன்னார் பக்கம் ஆண்கடல், முரடு. பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், சாது. ஆனா நாங்க போனது தை மாசம், வாடைக் காத்து, பெண்கடல் ஆளைத் தூக்குற மாதிரி அடிக்குது, ஆண்கடல் கொளம் மாதிரி கெடக்கு. கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து வந்தா மறுபடி மாறிரும்னாங்க. "பாத்தியா, காத்த வச்சு தான்"ன்னு இவரு ஆரம்பிச்சாரு, நான் முறைச்சதும் நிறுத்திட்டாரு.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடிச்ச புயல்ல பாம்பன்ல இருந்து வந்த 653-ஆம் நம்பர் பாசஞ்சரு அப்படியே கடலோட போனது, அதுல இருந்த ஒருத்தரும் மிஞ்சாதது எல்லாம் படிச்சது தான். ஆனா அந்தப் புயல்ல இடிஞ்சு நிக்கிற தனுஷ்கோடி சர்ச் சுவத்துல கை வச்சுப் பாத்தா வேற மாதிரி இருக்கு. பவளக்கல்லு, தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையா. அங்க குடிசைக்கு வெளிய ஒரு பெரியம்மா மணல்ல இடுப்பளவு குழி தோண்டி, உள்ள ஊறுன தண்ணிய சிரட்டையால மொண்டு மொண்டு குடத்துல ஊத்திக்கிட்டு இருந்தாங்க. கடல் பத்து எட்டுல இருக்கு. குடிச்சுப் பாத்தேன், உப்பு இல்ல, நம்ம வீட்டு போர் தண்ணிய விட நல்லா இருக்கு. மழைத் தண்ணி மணல்ல எறங்கி, கனமான உப்புத் தண்ணிக்கு மேல மெதந்துக்கிட்டு நிக்குதாம். "ஆழமாத் தோண்டக் கூடாது, ஆசைப்பட்டு எறங்குனா கரிச்சுப் போகும்"ன்னாங்க. எங்க தண்ணி பாட்டில் ரெண்டையும் அதுல நெரப்பிக்கிட்டோம். சாயங்காலம் ஆனதும் போலீஸ் விசில் அடிச்சு எல்லாரையும் கெளப்பிட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் பேப்பர் கடைத் தராசுல இன்னொரு தடவ நிறுத்தோம், ஒண்ணு 5 கிலோ சொச்சம், ஒண்ணு 4 கிலோ 800. ஏ புள்ள, இதுலயே இன்னும் பாதி தேவையில்லன்னாரு இவரு, வெள்ளகவிக்கு முன்னாடி இதச் சொல்லியிருந்தா என் நகம் பொழச்சிருக்கும். அத்தை ரெண்டு பேக்கையும் தொவைக்கிறதுக்கு வாசல்ல கவுத்துப் போட்டு உதறுனாங்க. மணலு, ரெண்டு சிப்பி, காஞ்ச எல, அப்புறம் தையல் இடுக்குல மாட்டிக்கிட்டு இருந்த ரேஷன் அரிசி ஒரு கைப்பிடி. அத மணல்ல இருந்து பொறுக்கி எடுத்து உள்ளங்கையில வச்சுக்கிட்டு ஜங்ஷன் மேட்டரையும் சேத்து ஒரே கேள்வியா கேட்டாங்க.

"ஏத்தா, இந்த அரிசியும் பெரியகுளத்துல தான் ரூம் போட்டுருந்துச்சா?"