ஒண்ணும் விழலைன்னு வர்ற ஃபைல்

எங்க டீம்ல என் வேலை டெலஸ்கோப் பக்கமே இல்ல, வர்ற வீடியோவ ஃபிரேம் ஃபிரேமா அளந்து லைட் கர்வ், அதாவது நட்சத்திர வெளிச்சம் நேரத்தோட எப்படி ஏறி இறங்குதுன்னு காட்டற கோடு, போடுறதுதான். ஒரு ஆஸ்டராய்ட், அதாவது சூரியன சுத்தற ஒரு கல்லு, ஏதோ ஒரு நட்சத்திரத்துக்கு முன்னாடி குறுக்க போகும்போது அந்த நட்சத்திரத்தோட வெளிச்சம் சில விநாடி சட்டுன்னு குறைஞ்சுடும், நாங்க 'விழுந்துது'ன்னு சொல்றது இதத்தான், சமயத்துல ஒரு விநாடி கூட இருக்காது. நட்சத்திரம் அவ்ளோ தூரத்துல இருக்கறதால நிழல் விரியாது, 100 கிலோமீட்டர் கல்லுன்னா பூமி மேல ஓடுற நிழலோட அகலமும் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர்தான். எந்த இடத்துல நின்னாங்க, எப்ப மறைஞ்சது, எப்ப திரும்ப வந்தது, இந்த மூணு தெரிஞ்சா அந்தக் கல்லுக்கு குறுக்க ஒரு கோடு கிடைச்சுடும், தள்ளித் தள்ளி நின்ன நாலஞ்சு பேர் கோடு சேர்ந்தா அதோட அளவும் உருவமும் வந்துடும். பெரிய டெலஸ்கோப்ல பாத்தாலும் வெறும் புள்ளியா தெரியற சாமான் அது.

அதனால படம் எவ்ளோ தெளிவுன்னு நான் அப்புறமாத்தான் பாப்பேன், முதல்ல டைம். நிழல் விநாடிக்கு 20 கிலோமீட்டர் ஓடுதுன்னு வைங்க, நேரம் 0.1 விநாடி தப்பினா கோடு 2 கிலோமீட்டர் நகர்ந்துடும். ஜிபிஎஸ் டைம் இல்லாம லேப்டாப் கடிகாரத்த நம்பி எடுத்த அருமையான வீடியோ வந்தா வர்ற எரிச்சல் இருக்கே!

புதுசா சேர்றவங்க நிறைய பேர் "சாரிங்க, எனக்கு ஒண்ணும் விழல"ன்னு கூச்சப்பட்டுட்டு ஃபைலையே அனுப்ப மாட்டாங்க. எனக்கு அதுதான் வேணும். நிழல் எங்க முடியுதுன்னு சொல்றது அவங்கதான், அவங்க இல்லன்னா ஓரத்துல நான் எப்படி வேணா வளைச்சு வரைஞ்சுக்கலாம், எதுவும் தடுக்காது.

அரோகாத் கதையே இதுக்கு போதும். சுமார் 650 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஒரு குட்டிப் பொருள், நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாகணும். 2017 ஜூன் 3 அன்னைக்கு தென்னாப்பிரிக்காவுலயும் அர்ஜென்டினாவுலயும் இருபதுக்கு மேல டெலஸ்கோப் வச்சு காத்திருந்தாங்க, ஒருத்தருக்கும் விழல. அந்த ஒண்ணுமில்லாததே, நெனச்சத விட சின்னதா இருக்குமோ, இல்ல ரெண்டு துண்டோன்னு யோசிக்க வச்சுது. ஜூலை 17, அர்ஜென்டினாவோட பட்டகோனியாவுல கொமோடோரோ ரிவடாவியா பக்கம் 24 டெலஸ்கோப். அங்க அடிக்கற காத்துக்கு லாரிய நிறுத்தி மறைப்பு கட்டினாங்க, வெளிச்சம் அடிக்காம இருக்க ஹைவேல போற வண்டிங்கள நிறுத்தினாங்க, ஊர்க்காரங்க தெருவிளக்க அணைச்சாங்க. 5 டெலஸ்கோப்ல விழுந்துது, மத்ததுல இல்ல. அத வச்சே ரெண்டு உருண்டை ஒட்டின மாதிரி இருக்கலாம்னு சொல்லிட்டாங்க, 2019 ஜனவரி 1 விண்கலம் கிட்ட போய் பாத்தா அப்படியேதான் இருந்துது!

இன்னொரு தொல்லை, கணிச்ச நேரத்துக்கு சரியா கேமராவ ஆன் பண்ணி, வெளிச்சம் திரும்பினதும் ஆஃப் பண்றவங்க. 2013ல சாரிக்லோன்னு ஒரு சிறுகோள், 250 கிலோமீட்டர் சமாச்சாரம், நட்சத்திரத்த மறைச்சப்ப முன்னாடியும் பின்னாடியும் குட்டி குட்டியா பள்ளம் தெரிஞ்சுது, பாத்தா ரெண்டு வளையம், ஒண்ணு 7 கிலோமீட்டர் அகலம், இன்னொண்ணு 3. யுரேனஸ் வளையமும் 1977 மார்ச் 10ல இப்படித்தான் மாட்டுச்சு, அன்னைக்கு நம்ம தமிழ்நாட்டு காவலூர் டெலஸ்கோப்லயும் அந்த மங்கல் பதிவாகியிருக்கு. யாராச்சும் அன்னைக்கு சிக்கனமா ரெக்கார்ட் பண்ணியிருந்தா போச்சு.

எப்பயாவது வெளிச்சம் ஒரேயடியா விழாம படிப்படியா ரெண்டு தடவையா இறங்கும். அப்ப ஒரு நட்சத்திரம்னு நெனச்சது ரெண்டா இருக்க சான்ஸ் இருக்கு. அந்த மாதிரி ஃபைல் வந்துட்டா கல்லோட உருவமெல்லாம் அப்புறம்தான், இரட்டை நட்சத்திரக்காரங்க வந்து என் சீட்டுல உக்காந்துக்குவாங்க.