அம்மாவோட நீல அட்டை நோட்டு

அம்மா போய் ரெண்டரை மாசம் ஆச்சு. அவங்க போனுக்கு இன்னும் ராத்திரி ராத்திரி சார்ஜ் போட்டுட்டுதான் படுக்கிறேன், ஏன்னா அது இன்னும் அடிச்சிட்டேதான் இருக்கு.

அம்மா ஒண்ணும் பெரிய சமூக சேவகி எல்லாம் கிடையாது, மேடை மைக் மாலை எதுவும் பாத்ததில்ல. யாருக்காவது ரத்தம் வேணும்னா போன் போட்டு ஆள் பிடிச்சுக் குடுப்பாங்க, அவ்ளோதான், அதையே இருபது வருஷத்துக்கு மேல பண்ணாங்க. இதுல கூத்து என்னன்னா அவங்க ஒரு தடவகூட ரத்தம் குடுத்ததில்ல. ஹீமோகுளோபின் 12.5 இருந்தாத்தான் எடுப்போம்னுட்டாங்க, அம்மாவுக்கு அது 11-ஐத் தாண்டினதே இல்ல. நாலு தடவ போனாங்க, நாலு தடவையும் விரல்ல குத்திப் பாத்துட்டு திருப்பி அனுப்பிட்டாங்க. நாலாவது தடவ வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு "ரத்தம்தான் இல்ல, வாய் இருக்குல்ல"ன்னாங்க. அன்னைக்கு வாங்கினதுதான் அந்த நீல அட்டை நோட்டு.

அதுல பேர், குரூப், நம்பர் மட்டும் இருக்காது. "நைட் ஷிப்ட், 11 மணிக்கு மேல கூப்பிடு". "ஊசின்னா பயம், கூடப் போகணும்". "வீட்ல கொழந்த பொறந்திருக்கு, இந்த மாசம் தொந்தரவு பண்ணாத". ஓ நெகட்டிவ் ஆளுங்க பேருக்குக் கீழ மட்டும் ரெண்டு கோடு. குரூப் பாக்கக்கூட நேரமில்லாத அவசரத்துக்கு யாருக்கு வேணா ஏத்தலாம்னு முதல்ல தேடுறது அந்த ரத்தத்ததான், ஆனா அந்த குரூப்ல ஆளுங்க ரொம்பக் கம்மி. அதனால அவங்களச் சும்மா சும்மா கூப்பிடவே மாட்டாங்க, சேத்து வைப்பாங்க. ஒவ்வொரு பேர் பக்கத்துலயும் கடைசியா குடுத்த தேதி, அதுக்குப் பக்கத்துல அடுத்து எப்ப கேக்கலாம்னு ஒரு தேதி. ஆம்பளைங்கன்னா மூணு மாசம் தள்ளி, பொம்பளைங்கன்னா நாலு மாசம்.

எனக்கு அந்த நோட்டு மேல சின்ன வயசுலேர்ந்தே காண்டு. ஒரு தடவ ஜுரம் 103, அம்மா என் நெத்தில ஈரத்துணிய மாத்திட்டே தோளுக்கும் காதுக்கும் நடுவுல போன இடுக்கிட்டு யாருக்கோ பிளேட்லெட்டுக்கு ஆள் தேடிட்டு இருந்தாங்க. நான் உனக்குப் புள்ளையா இல்ல அவங்களான்னு கத்திட்டேன். போன வைக்கவே இல்ல, துணிய மட்டும் திருப்பிப் போட்டுட்டு "பிளேட்லெட் எடுத்தா அஞ்சு நாள்தான்டா தாங்கும், அதான் யாரும் முன்னாடியே வாங்கி அடுக்கி வைக்க முடியாது. உன் கோவம் பத்து நாள் தாங்கும், அத அப்பறம் பாத்துக்கலாம்"னாங்க. அந்த ராத்திரி பூரா அவங்க தூங்கலங்கறது எனக்கு ரொம்ப வருஷம் கழிச்சுதான் ஒறச்சுது.

18 முடிஞ்சதும் என்னக் கேப்பாங்கன்னு நெனச்சேன், கேக்கவே இல்ல. ஊர்ல உள்ளவன் எல்லாரையும் கேக்குறாங்க, என்ன கேக்கல, அதுவும் ஒரு கோவம் (என்ன ஜென்மம்னு நீங்க நெனைக்கலாம், நானும் அதான் நெனைக்கிறேன்). 20 வயசுல நானா போய் குடுத்துட்டு வந்து கையில பிளாஸ்டரோட நின்னுட்டு ஏன் கேக்கலன்னு கேட்டேன். "பெத்தவ கேட்டா இல்லன்னு சொல்ல முடியாதுல்ல, அதான்." அப்படியே நோட்ட எடுத்து என் பேர எழுதி, மூணு மாசம் எண்ணி தேதியும் போட்டாங்க.

விடியக்காலைல தூக்கத்துலயே போய்ட்டாங்க. எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அவங்க மத்தவங்களுக்கு போன்ல சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமான விஷயம்தான். கண் தானம்னா ஆறு மணி நேரத்துக்குள்ள கண்ண எடுக்கணும். ஃபேன நிறுத்து, இமைய மூடு, ஈரப் பஞ்சு வை, தலைக்கு ரெண்டு தலகாணி. வரிசையா அதத்தான் பண்ணேன், அழக்கூட இல்ல. புழுக்கமா இருக்கே ஃபேன ஏன்டா நிறுத்தினன்னு சித்தி திட்டினாங்க, அவங்களுக்குச் சொல்லப் போனப்பதான் தொண்டை அடைச்சுது. வந்தவங்க இருபது நிமிஷத்துல முடிச்சிட்டாங்க. கண்ணாடி போட்டவங்களாச்சே, கேட்டராக்ட் ஆபரேஷன் வேற பண்ணிருக்காங்களேன்னு கேட்டேன், கருவிழி நல்லா இருந்தா போதும், அதெல்லாம் பிரச்சனையே இல்லன்னாங்க. கருவிழிக்குப் பொதுவா ரத்த குரூப்பும் பாக்க வேணாமாம். ஆயுசு பூரா குரூப் குரூப்னு அலைஞ்ச மனுஷி.

போன வாரம் ஒரு நம்பர்லேர்ந்து "அம்மா இருக்காங்களா, ஏ பாசிட்டிவ் ரெண்டு யூனிட் வேணும்"னு ஒரு பையன் குரல். இல்லன்னு சொல்ல வாய் வரல, ஒரு நிமிஷம் இருங்கன்னுட்டு நோட்ட எடுத்தேன். அடுத்த தேதி எல்லாம் அம்மா கையெழுத்துல முன்னாடியே இருக்கு. சிலது முடிஞ்சிருச்சு, சிலது இன்னும் வரல, கடைசியா இருக்கறது அடுத்த மாசம் 19. முதல் ஆளுக்குப் போன் போட்டேன், எடுக்கல. அப்பறம்தான் பேருக்குக் கீழ பென்சில்ல எழுதிருந்தது கண்ணுல பட்டுது. "மத்தியானம் தூங்குவார், 4 மணிக்கு மேல."