அம்மாவோட காசிக்கு

கார்த்திகையில ஆர்டி, அதான் மாசாமாசம் கட்டுற சேமிப்பு, முடியுது. தை பிறந்ததும் அம்மாவைக் காசிக்குக் கூட்டிட்டுப் போறேன்!

கம்பத்துலருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு ஏறிப் போறவங்க அம்மா. விடியுமுன்ன ஜீப்பு, தூக்குவாளியில சோறு, திரும்பி வர்றப்போ விரலெல்லாம் ஏலக்காய் மணம். வாரக்கூலி கைக்கு வந்ததும் முதல்ல ஒரு தாளை மடிச்சு அரிசி டப்பாவுக்குள்ள சொருகிருவாங்க. அதோட என் பங்கையும் சேர்த்து மாசாமாசம் போஸ்ட் ஆபீஸ்ல கட்டுவேன். வருமானம் கம்மியா இருக்கவங்க தாராளமா இதுல சேரலாம். மாசம் 100 ரூபாய்லயே தொடங்கலாம், 5 வருஷக் கணக்கு. 3 வருஷம் ஆகாம முடிக்க முடியாதுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வீட்ல வச்சிருந்தா மொய்யிலயும் ஆஸ்பத்திரியிலயும் எப்பவோ கரைஞ்சிருக்கும்.

ரயில்ல முதியோர் சலுகை 2020 மார்ச்சோட நின்னுபோச்சு, அம்மாவுக்கும் முழு டிக்கெட்தான். மதுரையில காசித் தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் ஏறிட்டா வண்டி மாற வேண்டியதில்ல. தங்க நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்துல கேட்கணும். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். அன்னிக்குக் காலையிலேயே கவுண்டர்ல நிப்பேன். மலையேறித் தேய்ஞ்ச முட்டி, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கிடைச்சே ஆகணும்.